இறைச்சி வாட்டப் பரல் தேடுகிறீர்களா? முதலில் அதன் பழைய கதையைக் கேளுங்கள்

புதுக்குடியிருப்பில் இருக்கும் என் சித்தப்பாவின் இடது கையில் ஒரு பெரிய தழும்பு உண்டு. பார்ப்பவர்கள் செல் பட்ட காயம் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அது 2009 இல் வந்ததல்ல. மீள்குடியேறிய பிறகு, இறைச்சி வாட்டுவதற்காகப் பழைய பெற்றோல் பரல் ஒன்றைக் கிறைண்டரால் வெட்டியபோது வந்தது. "சண்டையில தப்பின கை, வெறும் பரலில அகப்பட்டுப் போச்சு" என்பார்.

வெறும் பரல்தானே என்று நினைத்ததுதான் பிழை. பெற்றோல் தீர்ந்தாலும் அதன் ஆவி உள்ளே தங்கியிருக்கும். காற்றோடு கலந்த அந்த ஆவி வெடிக்க ஒரு பொறி போதும்.

அடுப்புக்கு மேலே பரண் கட்டி, உப்பும் மஞ்சளும் தடவிய இறைச்சியைப் புகையில் வாட்டுவது வன்னிக்குப் புதிதல்ல. அதையே இப்போது சித்தப்பா இரண்டாவது பரல் ஒன்றில் செய்து, வார இறுதிகளில் வாட்டிய கோழி விற்கிறார். அவர் அதைச் செய்த முறையைப் பக்கத்தில் இருந்து கேட்டு எழுதுகிறேன்.

முதலாவது, பரலைத் தெரிவு செய்வது. சமையல் எண்ணெய் வந்த, மூடி தனியாகக் கழரும் 200 லீற்றர் பரலே நல்லது. வெட்டும் வேலையே இருக்காது. பெற்றோல், டீசல், தார், களைகொல்லி இருந்த பரல்கள் வேண்டாம். 'கல்வனைஸ்' எனப்படும் நாகப் பூச்சுள்ள தாங்கிகளும் வேண்டாம். அதிக சூட்டில் நாகம் புகையாகி மூச்சோடு உள்ளே போனால் காய்ச்சல் வரும். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாவிட்டால், விலை குறைவு என்றாலும் விட்டுவிடுங்கள்.

இரும்பு தேடிப் பற்றைகளுக்குள்ளும் பழைய காவலரண்களுக்குள்ளும் போகாதீர்கள். வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடக்கின்றன. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி 119 இற்கு அறிவியுங்கள்.

இரண்டாவது, செய்யும் முறை. பரலைச் சுடுநீரும் சவர்க்காரமும் விட்டுப் பல தடவை கழுவ வேண்டும். அடிப்பக்கத்தில் ஓர் அங்குல அகலத்தில் மூன்று துளைகள் காற்றுக்கு. மூடியில் இரண்டு அங்குலத் துளை ஒன்று புகை வெளியேற. மேல் விளிம்பிலிருந்து 20 சென்ரிமீற்றர் கீழே நான்கு பக்கமும் போல்ட் பூட்டி, அதன்மேல் துருப்பிடிக்காத கம்பித் தட்டு. கரிக்கூடையைச் செங்கல்லின் மேல் அடியில் வைக்க வேண்டும். முதல் தடவை இறைச்சி வைக்காமல், வெட்டவெளியில் இரண்டு மூன்று மணித்தியாலம் நன்றாக எரித்து, உள்பூச்சு முழுவதும் போனபின் உரஞ்சிக் கழுவுங்கள்.

மூன்றாவது, விறகு. சிரட்டைக் கரியில் தணல் பிடித்ததும் காய்ந்த கொய்யா அல்லது மாங்கட்டைத் துண்டுகளைப் போடலாம். பெயின்ற் அடித்த பலகை, பிளைவூட் கூடாது. அலரியும் தில்லையும் அறவே கூடாது. அவற்றின் புகையே நஞ்சு. புகை மெல்லிய நீலமாக வர வேண்டும். தடித்த வெள்ளைப் புகை வந்தால் இறைச்சி கைக்கும். கீழ்த் துளைகளைத் திறந்து காற்று விடுங்கள்.

கடைசியாக, வாட்டுவது. ஒரு கிலோ கோழிக்கு 20 கிராம் உப்புத் தடவி, ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். பரலின் சூடு 110 முதல் 120 பாகை செல்சியஸ் வரை இருந்தால், கால் துண்டுகள் இரண்டு மணித்தியாலமளவில் வெந்துவிடும். புகையில் வெந்த இறைச்சி உள்ளே இளஞ்சிவப்பாகவே இருக்கும் என்பதால் நிறத்தை நம்ப முடியாது. வெப்பமானியை எலும்பில் முட்டாமல் தடித்த இடத்தில் குத்தினால் 74 பாகை காட்ட வேண்டும். இது பழைய வத்தல்போல மாதக்கணக்கில் இருக்காது. அன்றே சாப்பிட வேண்டும், அல்லது குளிரில் வைக்க வேண்டும்.

இப்போது அயலவர்களும் பரல் கொண்டுவந்து துளை போட்டுத் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். கூலி பேசுவதற்கு முதல் சித்தப்பா கேட்பது ஒன்றுதான்: "இதுக்குள்ள முந்தி என்ன இருந்தது?" பதில் தெரியாதவர்களைப் பரலோடேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்.