மின்சாரக் கார்: மலிவு யாருக்கு?

2022 செப்டம்பர் 28ஆம் நாள் டாட்டா நிறுவனத்தார் டியாகோ மின்சாரக் காரை வெளியிட்டனர். அன்று அறிவித்த தொடக்க விலை ரூ. 8.49 லட்சம். நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டும் கார் என்ற பேச்சு எழுந்தது.

இதன் பெரிய மின்கல அடுக்கில் அடங்குவது 24 யூனிட் மின்சாரம். ஒரு லிட்டர் பெட்ரோலில் உறையும் ஆற்றலோ ஏறத்தாழ 9 யூனிட். ஆக, மூன்று லிட்டர் பெட்ரோலுக்கும் குறைந்த ஆற்றலைக் கொண்டு இக்கார் 315 கிலோமீட்டர் ஓடும் என்பது சோதனைக் கணக்கு. இதில் மாயம் ஒன்றுமில்லை. பெட்ரோல் எஞ்சின் தான் உண்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெப்பமாக வீணாக்குகிறது. மின் மோட்டார் பெரும்பகுதியைச் சக்கரத்துக்கே தருகிறது. பிரேக் பிடிக்கையில் மோட்டாரே டைனமோவாகிச் சிறிது மின்சாரத்தைத் திருப்பியும் அனுப்புகிறது. (நம் மெஸ்காரர் எதையேனும் திருப்பித் தந்ததுண்டா?)

சாலையில் 315 கிட்டாது. வேகமும் ஏர்கண்டிஷனும் அதைக் குறைக்கும். வடநாட்டுக் குளிரும் நம்மைப் போலவே மின்கலத்துக்கு ஒத்துக்கொள்வதில்லை.

என் ஐயம் வேறு. 15 ஆம்பியர் பிளக்கில் செருகினால் ஏறத்தாழ ஒன்பது மணி நேரத்தில் மின்னேற்றம் முடியுமாம். சொந்த வீடு உள்ளவர்க்குச் சரி. வேலை தேடி ஊர் ஊராய்ப் போகும் நம்மவர் பலருக்கு வாய்ப்பது மூன்றாம் மாடி வாடகை அறைதான். அங்கிருந்து இராமுழுதும் தெருவுக்கு ஒயரை இறக்கிவைக்க எந்த வீட்டுக்காரர் சம்மதிப்பார்?