931 ஜிபிதானே காட்டுது?

கல்யாண சீசன் தொடங்கினால் எங்கள் கம்ப்யூட்டர் கடைக்கு ஸ்டுடியோக்காரர்கள் ஹார்ட் டிஸ்க் வாங்க வருவார்கள். தொழிலுக்குப் புதியவர் என்றால் மறுநாளே போன் வந்துவிடும். "அண்ணே, ஒரு டிபின்னு சொல்லித்தானே கொடுத்தீங்க? 931 ஜிபிதான் காட்டுது. மிச்சம் எங்க?" நியாயமான கேள்வி. காசு கொடுத்தவர் கேட்கத்தான் வேண்டும்.

டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். ஆயிரம் பைட் ஒரு கேபி, ஆயிரம் கேபி ஒரு எம்பி என்று ஏறிப்போனால் ஒரு டிபி என்பது ஒரு லட்சம் கோடி பைட். அது டிஸ்க்கில் முழுசாக இருக்கிறது. விண்டோஸோ ஒவ்வொரு படியிலும் 1024ஆல் வகுக்கிறது. அதன் கணக்கில் ஒரு ஜிபிக்கு 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 824 பைட். லட்சம் கோடியை இதால் வகுத்துப் பாருங்கள், 931 வரும். சின்னப் படியில் அளந்து வாங்கிய அரிசியைப் பட்டணம் படியில் திருப்பி அளந்தால் எண்ணிக்கைதான் குறையும், அரிசி குறையாது.

இந்த 1024 எங்கிருந்து வந்தது? கம்ப்யூட்டர் நினைவகத்தின் முகவரிகள் 0, 1 என்ற இரண்டே இலக்கங்களால் ஆனவை. பத்து இலக்கம் இருந்தால் 1024 இடங்களைக் குறிக்கலாம். ஆயிரத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் அதையும் 'கிலோ' என்றே அழைத்துவிட்டார்கள். கேபியில் வித்தியாசம் 2.4 சதவீதம்தான், யாரும் கவலைப்படவில்லை. ஜிபியில் அது 7 சதவீதத்தைத் தாண்டியது, டிபியில் கிட்டத்தட்ட 10. நாம் பயன்படுத்திய 1.44 எம்பி ஃப்ளாப்பியில் இரண்டு கணக்கும் கலந்தே கிடந்தன: அங்கே ஒரு எம்பி என்பது 1000 × 1024 பைட்!

1998இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 கணக்குக்கு கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட் என்று தனிப்பெயர்கள் கொடுத்தது. ஆப்பிள் 2009இல் தன் மேக் கம்ப்யூட்டர்களை ஆயிரம் கணக்குக்கு மாற்றிக்கொண்டது. அதே டிஸ்க்கை அங்கே செருகினால் ஒரு டிபி என்றே காட்டும். விண்டோஸ் இன்னும் ஜிபிபைட்டில் கணக்குப் போட்டு, பக்கத்தில் ஜிபி என்று எழுதுகிறது. என்னைக் கேட்டால் திருத்த வேண்டியது அந்தத் திரையைத்தான். சந்தேகம் இருந்தால் டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸைத் திறங்கள். மொத்த பைட் எண்ணிக்கை அங்கே முழுசாக இருக்கும்.

பெட்டியில் போட்டிருக்கும் ஜிபியை 0.93ஆல் பெருக்கினால் விண்டோஸ் காட்டப்போவது தெரிந்துவிடும். 500 என்றால் 465, 64 என்றால் 59 சொச்சம்.

இதைவிடப் பெரிய குழப்பம் பிட்டுக்கும் பைட்டுக்கும் நடுவில். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆங்கிலத்தில் சின்ன 'பி' போட்டால் பிட், பெரிய 'பி' போட்டால் பைட். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே பதிவு செய்யும் கேமரா, நொடிக்கு 12.5 எம்பி எழுதும். மணிக்கு 45 ஜிபி. வரவேற்பு, முகூர்த்தம் எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம், இரண்டு கேமரா என்றால் 450 ஜிபி. ஒரு டிபி டிஸ்க்கில் இப்படி இரண்டு கல்யாணம் அடங்கும். ஆனால் இந்த 450ஐத் திரையில் தெரியும் 931இலிருந்து கழிக்காதீர்கள். கேமரா கணக்கைப் பெட்டிக் கணக்கோடு சேருங்கள், திரைக் கணக்கைத் திரைக் கணக்கோடு.

டிஸ்க் வாங்க வரும்போது எத்தனை கேமரா, எத்தனை மணி நேரம், என்ன வேகம் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். வந்த விடையை இரண்டால் பெருக்குங்கள். அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தை ஒரே டிஸ்க்கை நம்பி வைக்கக் கூடாது.