கடல் கடந்தால் கடன் அட்டை ஏன் தயங்குகிறது?

குன்றத்தூருக்கு மேற்கே சிறிது தொலைவில் இருங்காட்டுக்கோட்டையும் ஒரகடமும் இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998 முதல் கார்களைச் செய்து வருகிறது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை தொடங்கிற்று. இவற்றையொட்டிக் கொரியரும் ஜப்பானியரும் இங்கு வந்து குடியிருக்கிறார்கள். நம் ஊர்ப் பொறியாளர்களும் பயிற்சிக்காகவும் பணிக்காகவும் அந்நாடுகளுக்குச் செல்கிறார்கள்.

அப்படிக் கொரியாவின் உல்சான் நகருக்குச் சென்ற குன்றத்தூர் இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கே இரவு பத்து மணி. இங்கே மாலை ஆறரை. தாயாருக்கு இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது. இணையத்தில் மருந்துக் கடையைத் திறந்து, தம் இந்தியக் கடன் அட்டையின் எண்ணைப் பதிக்கிறார். ‘உங்கள் செல்பேசிக்கு ஓ.டி.பி. அனுப்பப்பட்டுள்ளது’ என்கிறது திரை. அந்தச் செல்பேசி எண்ணின் சிம் அட்டையோ குன்றத்தூரில் அம்மாவின் பேசியில் இருக்கிறது! உடனே அம்மாவை அழைக்கிறார். அம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, ஆறு இலக்கங்களையும் ஒவ்வொன்றாகப் படித்து முடிப்பதற்குள் நேரம் கடந்துவிடுகிறது.

பணம் இருக்கிறது, அட்டையும் கையில் இருக்கிறது. பிறகு தடை எங்கே?

அட்டை எண்ணின் பயணம்

நீங்கள் பதிக்கும் எண் முதலில் கடைக்காரரின் வங்கிக்குச் செல்கிறது. அங்கிருந்து விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்பு வழியாக, அட்டையை வழங்கிய வங்கியை அடைகிறது. அவ்வங்கியின் கணிப்பொறி ஆராய்ந்து, ஆம் அல்லது இல்லை என்று விடை அனுப்புகிறது. இவ்வளவும் சில விநாடிகளில் முடிந்துவிடும்.

எண்ணுக்குள்ளேயே ஒரு சிறு காவலும் உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் கண்ட முறை அது. அதற்கு அவர் 1960-இல் காப்புரிமை பெற்றார். 4176 என்னும் சிற்றெண்ணைக் கொண்டு பார்ப்போம். வலப்புறமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டிக்க வேண்டும். 7 இரட்டித்தால் 14. அதன் இலக்கங்களைக் கூட்டினால் 5. 4 இரட்டித்தால் 8. இவற்றோடு இரட்டிக்காத 6, 1 இரண்டையும் சேர்த்தால் மொத்தம் 20. பத்தால் மீதியின்றி வகுபடுவதால் எண் சரி. கை தவறி 4716 என்று பதித்தால் மொத்தம் 23 வரும். பிழை உடனே தெரிந்துவிடும்.

ஆனால் இக்காவல் கைப்பிழையை மட்டுமே பிடிக்கும். சரியான எண்ணைத் திருடி வந்தவனை இதனால் அடையாளம் காண இயலாது.

எதிரில் இல்லாத ஆள்

கடையில் நேரில் வாங்கும்போது அட்டையின் சில்லும் நாம் அழுத்தும் இரகசிய எண்ணும் சாட்சி சொல்கின்றன. இணையத்தில் ஆளும் இல்லை, அட்டையும் இல்லை; எண் மட்டுமே வருகிறது. அந்த எண்ணோ அட்டையின் மேலேயே அச்சாகியிருக்கிறது. பார்த்தவர் எவரும் எழுதிக்கொள்ளலாம் அன்றோ?

ஆதலால் இந்திய ரிசர்வ் வங்கி, 2009 ஆகஸ்டு 1 முதல், இணையத்தில் அட்டையைப் பயன்படுத்துவோர் அட்டையில் காணப்படாத இன்னொரு சான்றையும் தர வேண்டும் என்று விதித்தது. நாளடைவில் செல்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணே, அதாவது ஓ.டி.பி.யே, அச்சான்றாக நாடெங்கும் நிலைபெற்றது. உள்நாட்டில் இருப்பவருக்கு இது நல்ல அரண்தான். சிம் அட்டையை விட்டுச் சென்றவருக்கோ, ரீசார்ஜ் செய்யாமல் எண்ணை இழந்தவருக்கோ, அதே அரண் தம்மையே வெளியே நிறுத்தும் மதிலாகிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு சிக்கலும் உண்டு. இங்கே தங்கியிருக்கும் கொரியப் பொறியாளர் தம் நாட்டு அட்டையால் இந்தியக் கடையில் சோறாக்கும் குக்கர் வாங்க முயல்கிறார். வெளிநாட்டு வங்கி வழங்கிய அட்டைக்கு ரிசர்வ் வங்கியின் அவ்விதி பொருந்தாது. இரண்டாம் சான்று இல்லாமல் நடந்த விற்பனையை அட்டைக்காரர் பின்னர் ‘நான் வாங்கவில்லை’ என்று மறுத்தால், பெரும்பாலும் கடைக்காரரே பணத்தைத் திருப்பித் தர நேரும். ‘வம்பு எதற்கு?’ என்று பல கடைகள் வெளிநாட்டு அட்டைகளுக்குக் கதவையே அடைத்துவிடுகின்றன.

முகவரியும் ஐயமும்

அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் இன்னொரு சோதனை வழக்கத்தில் உள்ளது. வாங்குபவர் தரும் முகவரியிலுள்ள எண்களையும் அஞ்சல் குறியீட்டையும் வங்கியின் பதிவேட்டோடு ஒப்பிடுவார்கள். அமெரிக்கக் குறியீட்டின் அடிப்படை வடிவம் ஐந்து இலக்கம். 1972-இல் வந்த நம் பின்கோடு ஆறு இலக்கம். குன்றத்தூரின் 600069-ஐ ஐந்து கட்டங்களில் எப்படி அடைப்பது?

இவற்றோடு கணிப்பொறியின் ஐயமும் சேர்ந்துகொள்கிறது. நேற்று வரை குன்றத்தூரில் காய்கறி வாங்கிய அட்டை இன்று உல்சானிலிருந்து பேசினால், திருட்டோ என்று அது தயங்குகிறது. வங்கி அனுப்பும் மறுமொழிக்குக் குறியீட்டு எண்கள் உண்டு. 51 என்றால் பணம் போதாது. 54 என்றால் அட்டை காலாவதி. 05 என்றால் ‘ஏற்க வேண்டாம்’ என்பது மட்டுமே, காரணம் இராது. கடைக்காரரைக் கேட்டுப் பயனில்லை. வங்கியைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு மேலங்கியின் கதை

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. 2013 டிசம்பர் முதல் 2014 பிப்ரவரி வரை ஒளிபரப்பான ஒரு கொரியத் தொலைக்காட்சித் தொடரின் நாயகி அணிந்த மேலங்கியை வாங்கச் சீன இரசிகர்கள் விரும்பினர். கொரிய இணையக் கடைகளோ அந்நாட்டின் மின்னணுச் சான்றிதழைக் கேட்டன. அது அயல்நாட்டார் எளிதில் பெறக்கூடியதன்று. 2014 மார்ச்சில் அந்நாட்டு அதிபர் பார்க் குன்-ஹே இந்த மேலங்கியையே எடுத்துக்காட்டி, விதிகளைத் தளர்த்த வேண்டும் என்றார். அச்சான்றிதழுக்கு இருந்த தனியுரிமை 2020 டிசம்பரில் முடிவுக்கு வந்தது.

அம்மா படித்த ஆறு இலக்கம்

இப்போது மீண்டும் குன்றத்தூர் வீட்டுக்கு வருவோம். மகனுக்காக அம்மா ஓ.டி.பி.யைப் படித்துச் சொல்வது எளிய உதவியாகத் தோன்றும். ஆனால் ஓ.டி.பி.யின் வலிமை எதில் இருக்கிறது? அதை ஒருவரே பார்த்து, அவரே பதிப்பதில் இருக்கிறது. தொலைபேசியில் கேட்பவருக்கெல்லாம் எண்ணைப் படித்துக் காட்டப் பழகிய அம்மாவை, நாளை ‘வங்கியிலிருந்து பேசுகிறேன்’ என்று ஒருவன் அழைத்தால்? ஊரோடு கட்டிப்போட்ட பாதுகாப்பு, ஊரை விட்டவரைக் குறுக்கு வழிக்குத் தள்ளுகிறது. திருடன் நுழைவதும் அதே குறுக்கு வழியில்தான்.

ஆளோடு பயணம் செய்யும் சான்றே இதற்குத் தீர்வு. செல்பேசிக்குள் ஒரு இரகசியத் திறவுகோல் பதிந்திருக்கும். வங்கி ஒவ்வொரு முறையும் புதிய கணக்கு ஒன்றை அனுப்பும். உரியவர் விரல் வைத்ததும் செல்பேசி அதற்கு விடை தரும். திறவுகோல் பேசியை விட்டு வெளியேறுவதில்லை. படித்துச் சொல்ல எண் எதுவும் இல்லை. எந்த நாட்டு சிம் ஆனாலும் இணையம் இருந்தால் போதும். 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகள், ஓ.டி.பி.யோடு இத்தகைய பிற சான்றுகளுக்கும் இடமளிக்கின்றன. 2026 ஏப்ரல் 1 அவற்றைச் செயற்படுத்தக் குறித்த நாள்.

வெளிநாடு செல்வோர் புறப்படுமுன் சிலவற்றைச் செய்துகொள்வது நலம். 2020 அக்டோபர் 1 முதல் புதிய அட்டைகள் உள்நாட்டில் ஏ.டி.எம்.மிலும் கடைப் பொறியிலும் பயன்படும் அளவுக்கே திறந்து தரப்படுகின்றன. இணைய வசதியையும் வெளிநாட்டு வசதியையும் நாமே திறக்க வேண்டும். வங்கிச் செயலி வழியாக ஒப்புதல் தரலாமா, வெளிநாட்டு எண்ணைப் பதியலாமா என்று வங்கியில் கேட்டு அறிய வேண்டும். இந்திய எண்ணைக் காலாவதியாக விடலாகாது.

சிம் அட்டையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். அம்மாவிடம் விட்டுச் செல்ல வேண்டியது ஒன்றே: ‘யார் கேட்டாலும், நானே கேட்டாலும், அந்த ஆறு இலக்கத்தைச் சொல்லாதே அம்மா’ என்னும் சொல்.