பார்க்க பொம்மை மாதிரி இருக்கும்... 'புல்பப்' ஏர் ரைஃபிள் வாங்க லைசென்ஸ் வேண்டுமா?

மெரினா பீச்சில் பலூன் சுட்ட அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். குழலை மடக்கி, குட்டியாக ஒரு ஈயக் குண்டைப் போட்டு, திரும்ப நிமிர்த்தி, 'டப்' என்று ஒரு அடி. நமக்குத் தெரிந்த ஏர் கன் அவ்வளவுதான்.

ஆனால் யூடியூப் ரிவ்யூக்களில் இப்போது கலக்கிக் கொண்டிருப்பது வேறு ரகம். சினிமாவில் கமாண்டோ வைத்திருக்கும் துப்பாக்கி போலத் தோற்றம். நீளமோ முக்கால் மீட்டருக்குள். அதுதான் புல்பப் ஏர் ரைஃபிள். 'ஏர் கன் தானே, லைசென்ஸ் எதுக்கு?' என்று நினைத்து ஆர்டர் போடும் முன், இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

புல்பப் என்றால் என்ன?

சாதாரண ரைஃபிளில் குண்டு ஏறும் இடமும், அதை வெளியே தள்ளும் இயந்திரப் பகுதியும் டிரிகருக்கு மேலே, முன்னே இருக்கும். அதற்குப் பின்னால் தோளில் வைக்கும் கட்டை தனியாக நீண்டிருக்கும். புல்பப்பில் அந்த இயந்திரப் பகுதியை அப்படியே பின்னால் தள்ளி, கட்டைக்குள் அடைத்து விடுகிறார்கள். டிரிகர் முன்னால் வந்துவிடும்.

இதனால் குழலின் நீளத்தைக் குறைக்காமலேயே மொத்த நீளத்தைக் குறைக்க முடிகிறது. ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும் ரைஃபிள் 70, 75 சென்டிமீட்டருக்குள் அடங்கும். இந்திய சிறப்புப் படைகளிடம் இருக்கும் இஸ்ரேலின் டவோர் துப்பாக்கியும் இதே வடிவமைப்புதான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. குறைந்தது நீளம் மட்டும்தான். வேகமும் சக்தியும் குறையவில்லை.

பலூன் கடை துப்பாக்கிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பலூன் கடை துப்பாக்கிக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கும். ஒவ்வொரு முறை மடக்கும்போதும் அது அழுந்தி, சுடும்போது விரிந்து காற்றைத் தள்ளும். புல்பப்களில் பெரும்பாலானவை 'பிசிபி' வகை. அதாவது, முன்கூட்டியே காற்றை அடைத்து வைத்த சிலிண்டர் துப்பாக்கியிலேயே இருக்கும். டிரிகரை இழுத்தால் ஒரு வால்வு கண நேரம் திறந்து மூடும். அந்தக் காற்று குண்டைத் தள்ளும்.

அந்த சிலிண்டரில் அழுத்தம் பொதுவாக 200 பார் அளவில் இருக்கும். சில மாடல்களில் 250 வரை போகும். நம்ம கார் டயரில் இருப்பது சுமார் 2 பார் தான். கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள், 100 மடங்கு!

இது புது ஐடியாவும் இல்லை. 1780 வாக்கிலேயே ஆஸ்திரிய ராணுவம் ஜிராண்டோனி என்ற காற்றுத் துப்பாக்கியைப் பயன்படுத்தியது. காற்றால் சுடுவது விளையாட்டுச் சாமான் என்ற எண்ணம் பின்னால் வந்ததுதான்.

கையில் எடுத்ததும் முதலில் என்ன தெரியும்?

முதல் ஆச்சரியம் எடை. போட்டோவில் குட்டியாகத் தெரிந்தது, கையில் கனமாக இருக்கும். ஆனால் எடையில் பெரும்பங்கு தோள் பக்கம் இருப்பதால், முன்பக்கம் இழுக்காது.

இரண்டாவது, டிரிகர். அது முன்னால், இயந்திரம் பின்னால் என்பதால் இரண்டையும் ஒரு நீளமான கம்பி இணைக்கிறது. அது சரியாகச் செய்யப்படாத மாடல்களில் விரலுக்குக் 'கொழகொழ' என்று இருக்கும். எந்த இடத்தில் சுடும் என்பது பிடிபடச் சில நாள் ஆகும்.

மூன்றாவது, குறி. கன்னம் வைக்கும் இடம் இயந்திரத்துக்கு மேலேயே வருவதால், ஸ்கோப்பை உயரமாகப் பொருத்த வேண்டியிருக்கும். கண் பார்க்கும் கோடு மேலே, குழல் சில சென்டிமீட்டர் கீழே. 25 மீட்டருக்கு ஸ்கோப்பை சரி செய்துவிட்டு 5 மீட்டரில் சுட்டால், குண்டு நீங்கள் பார்த்த புள்ளிக்குக் கீழேதான் படும். புதிதாக வாங்கியவர்கள் 'பீஸ் டிஃபெக்ட்' என்று புலம்புவது பல நேரம் இதற்காகத்தான்.

நான்காவது, காற்று நிரப்பும் வேலை. ஹேண்ட் பம்ப் என்றால் 200 பார் ஏற்றுவதற்குள் சட்டை நனைந்துவிடும். இல்லாவிட்டால் உயர் அழுத்த கம்ப்ரஸர் வேண்டும். பஞ்சர் கடையில் போய் காற்றடிக்க முடியாது. துப்பாக்கி விலையோடு இந்தச் செலவையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

ஐந்தாவதுதான் முக்கியம். நீளம் குறைவு என்பதால், யாராவது கூப்பிட்டால் துப்பாக்கியோடு அப்படியே திரும்பிவிடத் தோன்றும். நீளமான ரைஃபிளில் குழல் எங்கே பார்க்கிறது என்பது கண்ணில் படும். இதில் கவனம் தப்பும். தாங்கும் கையும் குழல் முனைக்குப் பக்கத்திலேயே இருக்கும். முதல் நாளிலிருந்தே குழல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துப் பழக வேண்டும்.

சரி, லைசென்ஸ் வேண்டுமா?

இந்தியாவில் 2016 ஆயுத விதிகள்படி இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, குழலின் உள்விட்டம்: 4.5 மி.மீ. (பெட்டியில் .177 என்று இருக்கும்). இன்னொன்று, குண்டு வெளியேறும்போது இருக்கும் ஆற்றல்: 20 ஜூல்.

இரண்டுமே இந்த வரம்புக்குள் இருந்தால் வாங்குபவருக்கு லைசென்ஸ் தேவையில்லை. இரண்டில் ஒன்று தாண்டினாலும் லைசென்ஸ் கட்டாயம்.

20 ஜூல் என்றால் எவ்வளவு? அரை கிராம் எடையுள்ள குண்டு விநாடிக்கு 280 மீட்டர் வேகத்தில் போனால் 19.6 ஜூல். ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா 2008இல் தங்கம் வென்ற, கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் கலக்கும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டித் துப்பாக்கிகளுக்கு இதில் பாதி சக்திகூடத் தேவைப்படுவதில்லை.

சிக்கல் இங்கேதான். வெளிநாட்டு ரிவ்யூக்களில் வரும் புல்பப்களில் நிறைய .22, அதாவது 5.5 மி.மீ. சக்தி எவ்வளவு குறைவாக இருந்தாலும், உள்விட்டத்தினாலேயே அது இங்கே லைசென்ஸ் பட்டியலுக்குள் வந்துவிடும்.

பிரிட்டனில் விதியே வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 16 ஜூல் வரையிலான ஏர் ரைஃபிளுக்குச் சான்றிதழ் தேவையில்லை, .22 ஆக இருந்தாலும் சரி. அதே பிரிட்டனில், ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் சான்றிதழ் கட்டாயம். அதனால் 'லைசென்ஸ் ஃப்ரீ' என்று ரிவ்யூவில் ஒருவர் சொன்னால், அது அவர் ஊருக்கு மட்டும்தான் பொருந்தும். நம்பி வாங்கி மாட்டினால் ஆயுதச் சட்ட வழக்கு, ஜெயில் வரை போகலாம்.

'பவர் ஏத்தித் தர்றோம்' என்று சொல்பவர்களிடமும் உஷார். 20 ஜூலைத் தாண்டிவிட்டால், நேற்றுவரை லைசென்ஸ் தேவைப்படாத அதே துப்பாக்கி இன்று சட்டவிரோதம்.

பறவை, முயல் சுடலாமா?

கூடாது. மயில், கிளி, கவுதாரி, முயல் எல்லாமே 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. குறி தப்பினாலும் தப்பிக்க முடியாது, முயற்சி செய்வதே வேட்டை என்கிறது சட்டம். அருணாச்சலப் பிரதேசத்தில் ஏர் கன்களால் பறவைகள் அழிவதைத் தடுக்க, 2021இல் ஏர் கன் ஒப்படைப்பு இயக்கமே தொடங்கப்பட்டது. ஆயிரக்கணக்கில் மக்களே முன்வந்து கொடுத்தார்கள்.

வாங்கும் முன் செக் லிஸ்ட்

* பில்லிலும் பெட்டியிலும் 4.5 மி.மீ., 20 ஜூலுக்குள் என்பது எழுத்தில் இருக்கிறதா? பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

* சுட இடம் இருக்கிறதா? மொட்டை மாடி சரிப்படாது. குறி தப்பிய குண்டு சில நூறு மீட்டர் போகும். ரைஃபிள் கிளப் ரேஞ்ச்தான் பாதுகாப்பு.

* கண்ணாடி அணியாமல் சுடாதீர்கள். சுவரில் பட்டுத் திரும்பும் குண்டு கண்ணைப் பறித்துவிடும்.

* குண்டு ஈயம். தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடக் கூடாது.

* வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டி வையுங்கள். மேகசின் காலி என்பதால் குழலும் காலி என்று அர்த்தமில்லை, உள்ளே ஒரு குண்டு ஏறியிருக்கலாம்.

கடைசியாக ஒன்று. பீச்சில் பலூன் கடைக்காரர் யாரையும் துப்பாக்கிக்கு முன்னால் நிற்க விடமாட்டார். அதைவிடச் சக்தியான ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வரும்போது, அந்தக் கடைக்காரர் வேலையையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.