அஞ்சு ஒயரும் ஒரு டப்பாவும்

விடியற்காலை நாலரை மணிக்கு சிந்தாமணியிலிருந்து மாம்பழச்சாலை பக்கம் காவிரிப் பாலத்தில் போய்ப் பாருங்கள். காந்தி மார்க்கெட் சரக்கோடு, பைக்குக்குப் பின்னால் ரெண்டு சக்கர வண்டியைக் கோத்துக்கொண்டு யாராவது ஸ்ரீரங்கத்துக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். பைக்கின் சிவப்பு விளக்கு ஒழுங்காகத்தான் எரியும். ஆனால் அது தெரிவது வாழை இலைக்கட்டுக்கு மட்டும்! பின்னால் வருகிற பஸ் டிரைவருக்கு இருட்டில் ஒன்றும் தெரியாது.

என் அக்கா பையனும் இந்தக் கோஷ்டிதான். ஸ்ரீரங்கத்து மெஸ்களுக்கு இலை போடுகிறான். நான் ஒயரிங் பார்த்து ரிடையர் ஆனவன் என்பதால் யோசனை கேட்க வந்தான்.

"மாமா, இழுவை வண்டிக்கு லைட் போடணும். ஆன்லைன்ல கன்வெர்ட்டர்னு ஒரு டப்பா விக்கிறான். ஆர்டர் போட்டுடவா?"

"அவசரப்படாதேடா" என்றேன்.

அந்த டப்பாக்களில் பாதி அமெரிக்காக்காரனுக்காகச் செய்தவை. அங்கே பல டிரெய்லர்களில் ஒரே சிவப்பு பல்புதான் பிரேக்குக்கும் எரியும், இண்டிகேட்டருக்கும் கண்ணடிக்கும். பைக்கிலிருந்து வருவதோ பின்விளக்கு, பிரேக், இடது, வலது, எர்த் என்று அஞ்சு ஒயர். பிரேக்கையும் இண்டிகேட்டரையும் கலந்து நாலாக்குவதுதான் கன்வெர்ட்டரின் வேலை. நம்ம சட்டப்படி இண்டிகேட்டர் ஆம்பர் நிறம், நிமிஷத்துக்கு 60 முதல் 120 தடவை மின்ன வேண்டும். சிவப்போடு கலக்கிற பேச்சே இல்லை. அஞ்சும் அஞ்சாகவே போகட்டும்.

"அப்ப நேரா முறுக்கி டேப் சுத்திடலாமே! மெக்கானிக் அண்ணன்கூட அதைத்தான் சொன்னாரு."

வினையே அதில்தான். கணக்குப் பாருங்கள். இழுவை வண்டியில் 5 வாட் பின்விளக்கு ரெண்டு, 21 வாட் பிரேக் விளக்கு ரெண்டு, திரும்பும்போது 21 வாட் இண்டிகேட்டர் ஒன்று. மொத்தம் 73 வாட். 12 வோல்ட்டில் ஆறு ஆம்பியர்! ஒற்றை பிரேக் பல்புக்காக வைத்த சின்ன சுவிட்ச் மூன்று பல்பைச் சுமந்தால் காண்டாக்ட் கருகும். ஃப்ளாஷரும் தாளம் தப்பும்.

அதனால் பேட்டரியிலிருந்து தனியாகக் கரண்ட் எடுக்கிற டப்பாவாகப் பார்த்து வாங்க வேண்டும். பைக் ஒயர் 'எரி' என்று உத்தரவு மட்டும் போடும். முதலாளி கையெழுத்துப் போடுவார், மூட்டை தூக்குவது வேறு ஆள் என்கிற மாதிரி. டப்பா கிடைக்காவிட்டால் நாலு ரிலே போதும். ஒரு ரிலே காயில் தின்பது சுமார் ரெண்டு வாட்தான். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் அவசியம். பல்புகளை எல்.இ.டி.யாகவே போடுங்கள். சின்ன பைக்கின் 3 ஆம்பியர்-அவர் பேட்டரி, எஞ்சின் ஓடாதபோது ஆறு ஆம்பியரை அரை மணி நேரம்கூடத் தாங்காது.

பழைய வண்டிக்காரர்களுக்கு இன்னொரு சமாசாரம். சில பைக்குகளில் பின்விளக்கு பேட்டரியில் எரிவதில்லை, மேக்னெட்டோவின் ஏ.சி. கரண்டில் எரியும். அதை ரிலேக்குக் கொடுத்தால் கரகரவென்று வெட்டுக்கிளி சத்தம்தான் வரும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஒயரைத் தொடுங்கள்.

எர்த்துக்குத் தனி ஒயர் இழுக்க வேண்டும். கொக்கி இரும்புதானே என்று அதை நம்பினால், பிரேக் பிடிக்கும்போது இண்டிகேட்டர் மங்கலாக எரிந்து வேடிக்கை காட்டும்.

இன்னொன்று: கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. வண்டி கோக்கும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிடுவது நல்லது. ("கேட்டா வேண்டாம்னு சொல்லுவாங்களே மாமா!" என்கிறான். அதற்குத்தானே கேட்கச் சொல்கிறேன்!)

ரிலே, ஃப்யூஸ் எல்லாம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை மாட்டினான். இருட்டியதும் தெருக்கோடியில் நின்று பார்த்தேன். பிரேக் பளிச்சென்று எரிந்தது. "வலது போடுடா" என்று கத்தினேன். இடது மின்னியது. ரெண்டு ஒயரை மாற்றிச் செருகினான்.