கேட்டும் விளங்காத சொற்கள்: குழந்தைகளிடம் செவிப்புலன் செயலாக்கக் கோளாறு

காதுக்கு அப்பால் நிகழ்வது

ஒலி காதில் விழுந்ததை உணர்வதும், விழுந்த ஒலியிலிருந்து சொல்லைப் பிரித்தறிவதும் இரு வேறு வேலைகள் ஆகும். முன்னதை உட்செவியின் நத்தைக்கூடு செய்து முடிக்க, பின்னது செவி நரம்பில் தொடங்கி, மூளைத்தண்டின் நரம்பணுத் தொகுதிகளைக் கடந்து, பெருமூளையின் பொட்டுமடல் வரை நீளும் பாதையில் படிப்படியாக நிறைவேறுகிறது. இரு காதுகளின் செய்திகளும் ஒப்பிடப்பட்டு ஒலி வந்த திசை கணிக்கப்படுவதும், இரைச்சலிலிருந்து பேச்சு பிரிக்கப்படுவதும், ஒலிக்கும் ஒலிக்கும் இடையிலுள்ள மிகச் சிறிய இடைவெளி அளக்கப்படுவதும் இப்பாதையில்தான். காது நலமாக இருந்தும் இவ்வேலைகளில் குறை நேரும் நிலையே செவிப்புலன் செயலாக்கக் கோளாறு எனப்படுகிறது.

இத்தகைய நிலை இருக்கக்கூடும் என்பதற்கு மருத்துவச் சான்று கிடைத்தது 1954இல் ஆகும். இத்தாலியில் எத்தோரே போக்காவும் அவருடைய சகாக்களும், பொட்டுமடலில் கட்டி இருந்த நோயாளிகள் வழக்கமான காது பரிசோதனையில் தேறிவிட்டாலும், வேண்டுமென்றே சிதைக்கப்பட்ட பேச்சைக் கட்டிக்கு எதிர்ப்புறக் காதில் கேட்டபோது தடுமாறியதைக் கண்டனர். குழந்தைகளிடம் காணப்படும் கோளாறுக்குக் கட்டி போன்ற காரணம் பெரும்பாலும் இருப்பதில்லை என்பதால், இவ்வரலாற்றைப் படிக்கும் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. செவிப்பாதையின் முதிர்ச்சி தாமதமாவது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. சிறு வயதில் நடுச்செவியில் நீர் தேங்கி மாதக்கணக்கில் நிற்பதும் ஒரு காரணம் ஆகலாம். அப்போது கேள்வி கூடியும் குறைந்தும் வருவதால், இரு காதுகளின் செய்தியையும் ஒப்பிட்டுப் பழக வேண்டிய பருவத்தில் மூளைக்கு ஒழுங்கான ஒலி கிடைப்பதில்லை.

அடையாளங்கள்

இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுகிறான் என்று வீட்டிலும், கவனமில்லாதவள் என்று வகுப்பிலும் ஏச்சு வாங்கும் குழந்தைகளிடையே இக்கோளாறு உள்ளவர்களும் இருக்கலாம். அமைதியான அறையில் நேருக்கு நேர் பேசினால் நன்றாக விடையளிக்கும் குழந்தை, மின்விசிறியும் பக்கத்து வகுப்பின் சத்தமும் சேர்ந்த இடத்தில் திரும்பத் திரும்ப ‘என்ன?’ என்று கேட்பதே இதன் தலையாய அடையாளம் ஆகும். புத்தகத்தை எடுத்து, முப்பதாம் பக்கத்தைத் திறந்து, இரண்டாவது கேள்விக்கு விடை எழுது என்று அடுக்கிச் சொன்னால் முதல் கட்டளையோடு நின்றுவிடுவதும், பிறர் எழுதுவதை எட்டிப் பார்த்த பிறகே தான் எழுதத் தொடங்குவதும், கூப்பிட்ட திசையை விட்டு வேறு பக்கம் திரும்புவதும் இதனோடு சேர்ந்து வரலாம்.

சொல்வதெழுதுதலில் நேரும் பிழைகளையும் கூர்ந்து நோக்க வேண்டும். ‘படம்’, ‘பாடம்’ ஆகியவற்றுக்கு இடையே உயிரொலியின் நீளமும், ‘பாடு’, ‘பாட்டு’ ஆகியவற்றுக்கு இடையே நாக்கு மூச்சை அடைத்து நிறுத்தும் நேரமும் பொருளை மாற்றுவதால், நுண்ணிய கால அளவைப் பிரித்தறிய இயலாத தமிழ்க் குழந்தைக்கு இத்தகைய இணைகளில் குழப்பம் நேர்வது எதிர்பார்க்கத்தக்கதே. ஆயினும் எழுத்துப் பிழை எல்லாமே செவியின் பிழை அல்ல. கற்றல் குறைபாட்டிலும் இதே பிழைகள் வரும்.

அவசரம் கூடாத நோயறிதல்

முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் நடுச்செவியைப் பார்த்து, ஆடியாலஜிஸ்ட் ஆடியோகிராம் எடுத்து, கேள்வித்திறன் இயல்பானதே என உறுதி செய்ய வேண்டும். பல குடும்பங்களில் பரிசோதனை இதோடு நின்றுவிடுகிறது. ஆடியோகிராம் என்பது அமைதியான அறையில் எவ்வளவு மெல்லிய ஒலி காதில் எட்டுகிறது என்பதை மட்டுமே அளப்பதால், இரைச்சலில் பேச்சு விளங்குமா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

அவ்விடையைத் தேடும் சோதனைகள் பலவகைப்பட்டவை. இரு காதுகளிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு எண்களை ஒலிக்கச் செய்து எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லச் சொல்வது இருசெவிச் சோதனை ஆகும். இடக்காதில் கேட்ட சொல் பெரும்பாலும் வலப்பக்க மூளைக்குச் சென்று, இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை வழியாக இடப்பக்க மொழிப் பகுதியை அடைய வேண்டியிருப்பதால், சிறு குழந்தைகளுக்கு இடக்காதின் மதிப்பெண் இயல்பாகவே குறைந்திருக்கும். வயதுக்குரிய அளவைவிட அது மிகவும் குறைந்தால்தான் ஐயம் எழுகிறது. தொடர் இரைச்சலின் நடுவே சில மில்லிவினாடி மௌனத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் இடைவெளிச் சோதனையும், உயர்ந்த, தாழ்ந்த சுருதிகளின் வரிசையைச் சொல்லச் சொல்லும் சோதனையும் சொற்களைச் சாராதவை ஆதலால் எம்மொழிக் குழந்தைக்கும் பொருந்தும். சொற்களால் ஆன சோதனையோ குழந்தையின் தாய்மொழியில் அமைய வேண்டும். ஆங்கிலச் சொற்களைக் கொண்டு தமிழ்க் குழந்தையை அளந்தால் வெளிப்படுவது அதன் ஆங்கில அறிவாகவே இருக்கலாம்.

செவிப்பாதை முதிர்ந்துகொண்டிருக்கும் வயதில் முடிவுகள் நிலையற்றவை என்பதால், பொதுவாக 7 வயதுக்குமுன் இக்கோளாறு உறுதி செய்யப்படுவதில்லை. குறைந்தது இரண்டு சோதனைகளிலாவது சோதிக்கப்படும் குழந்தையின் வயதை ஒத்த குழந்தைகளின் சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்க அளவுக்குக் கீழே மதிப்பெண் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வழிகாட்டுதல்களின் அளவுகோல். திட்ட விலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் கணக்கு ஆகும். இச்சோதனைகள் எந்தக் குழந்தைக்குத் தேவை என்று முன்கூட்டியே வடிகட்ட, மைசூருவிலுள்ள அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனத்தில் ஆஷா யதிராஜும் குழுவினரும் உருவாக்கிய 12 கேள்விகள் கொண்ட பட்டியல் பயன்படுகிறது.

இக்கோளாறு தனித்த நோயா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பிரிட்டனில் டேவிட் மூர் குழுவினர் 6 முதல் 11 வயதுவரையுள்ள 1,469 குழந்தைகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட முடிவு, கேட்டுப் புரிந்துகொள்வதில் காணும் சிக்கல்கள் ஒலியுணர்வின் குறையைவிடக் கவனத்தோடும் அறிவாற்றலோடும் அதிகம் தொடர்புடையவை என்றது. எனவே கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு, மொழி வளர்ச்சிக் குறை, கற்றல் குறைபாடு ஆகியவற்றையும் உளவியலாளரும் ஸ்பீச் தெரபிஸ்ட்டும் சேர்ந்து ஆராயாமல், செவிச் சோதனைத் தாளை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் சூட்டுவது தவறு.

சிகிச்சை

இதற்கென மாத்திரை எதுவும் இல்லை. விரைவில் பலன் தருவது வகுப்பறையைச் சீர்செய்வதே ஆகும். ஆசிரியரின் குரல் சூழ்ந்த இரைச்சலைவிட 15 டெசிபலாவது ஓங்கியிருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. திறந்த வெளியில் தூரம் இருமடங்காகும்போது குரல் 6 டெசிபல் தணிகிறது என்பதை எண்ணினால், முன்வரிசையில் அமர வைப்பது சலுகை அன்று, சிகிச்சையே என்பது விளங்கும். சன்னலையும் சாலையையும் விட்டு விலகிய இடம், கடகடக்கும் மின்விசிறியைப் பழுதுபார்த்தல், எதிரொலிக்கும் சுவரில் துணியோ மென்பலகையோ பொருத்துதல், கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கரும்பலகையிலும் எழுதுதல் ஆகியவை அதிகச் செலவில்லாதவை. இவை போதாதபோது, ஆசிரியரின் வாயருகே மைக்கும் குழந்தையின் காதில் சிறு வாங்கியும் உள்ள கம்பியில்லாக் கருவி, தூரத்தையும் இரைச்சலையும் ஒருசேரக் குறைக்கிறது.

பயிற்சியோ, எந்தச் சோதனையில் குறை தெரிந்ததோ அதை நோக்கியே அமைய வேண்டும். இருசெவிச் சோதனையில் ஒரு காது பின்தங்கினால், வலுவான காதின் ஒலியளவைக் குறைத்து, மற்றதைக் கேட்கப் பழக்கி, பின்னர் சிறிது சிறிதாகச் சமன் செய்வர். ஒலி வரும் திசையைக் கொண்டு பேச்சைப் பிரித்தறிய இயலாத குழந்தைகளுக்காக ஆஸ்திரேலியாவில் ஷாரன் கேமரனும் ஹார்வி டில்லனும் வகுத்த கணினிப் பயிற்சி, நாள்தோறும் சுமார் 15 நிமிடமாகப் பல வாரங்கள் நடப்பது. அதுவும் ஆங்கில வாக்கியங்களால் ஆனது என்பதால் தமிழில் மட்டும் பேசும் குழந்தைக்கு அப்படியே உதவாது.

வடிகட்டிய இசையைச் சில நாள் கேட்கச் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று விற்கப்படும் செவி ஒருங்கிணைப்புப் பயிற்சிக்குப் போதிய சான்று இல்லை. பெருந்தொகை கேட்கும் எந்தப் பயிற்சியிலும் சேர்க்கும் முன், குழந்தைக்கு எச்சோதனையில் குறை கண்டனர், அக்குறையை இப்பயிற்சி எவ்வாறு தொடும், முடிந்தபின் அதே சோதனையை எப்போது மறுபடி செய்வர் என்ற மூன்றையும் பெற்றோர் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.