மாங்கனி வீச்சும் 25 மெகாபிட்டும்

எச்டிவி, ஏவிசிஎச்டி, டிவிசிப்ரோ எச்டி, எக்ஸ்டிகேம்... எல்லாமே எச்டிதானே, அப்புறம் ஏன் இத்தனை பெயர்? கடையில் கேட்டால் "எல்லாம் ஒண்ணுதாங்க" என்பார்கள். ஒண்ணு இல்லை. காரைக்கால் மாங்கனித் திருவிழாவை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம்.

முதலில் கணக்கு. 1920க்கு 1080 புள்ளிகள், விநாடிக்கு 25 படங்கள். சுருக்காமல் பதிந்தால் (8 பிட், 4:2:2) விநாடிக்குச் சுமார் 830 மெகாபிட். ஒரு மணி நேரத்துக்கு 370 ஜிபிக்கு மேல் போகும்.

2003-இல் சோனி, கேனான், ஷார்ப், ஜேவிசி நான்கும் சேர்ந்து அறிவித்த எச்டிவி இதை 25 மெகாபிட்டில் அடக்கியது. ஏன் 25? ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த மினி டிவி டேப்பில் அவ்வளவுதான் ஏறும். அதே டேப், அதே ஒரு மணி நேரம், ஆனால் எச்டி படம். கல்யாண வீடியோக்காரர்களுக்கு இது பெரிய விஷயம்.

அடக்கியது மூன்று வழியில். ஒன்று, அகலத்தில் 1920க்குப் பதில் 1440 புள்ளிகள். இரண்டு, 4:2:0 முறையில் நிற விவரத்தைக் கால் பங்காக்கியது. மூன்றாவதுதான் முக்கியம்: எம்பெக்-2 முறையில், நம் நாட்டு 50ஐ பதிவில், 12 படங்களுக்கு ஒன்றுதான் முழுப்படம். மற்ற 11-இலும் பக்கத்துப் படங்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். மணமேடையில் அதிகம் எதுவும் அசையாது, அதனால் பிரச்சினை தெரியாது.

ஆனி மாதம் பிட்சாடனர் வீதியுலா வரும்போது பாருங்கள். மாடிகளிலிருந்து மாம்பழம் பறக்கிறது, கீழே ஆயிரம் கைகள். ஒவ்வொரு படத்திலும் எல்லாமே மாறுகிறது. குறிப்பு எழுத 25 மெகாபிட் போதாமல், படம் கட்டம் கட்டமாக உடைகிறது. கேமராமேன் திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பானசோனிக்கின் டிவிசிப்ரோ எச்டி வேறு வழியில் போனது. ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகச் சுருக்கும், விநாடிக்கு 100 மெகாபிட். மாம்பழம் எவ்வளவு பறந்தாலும் அடுத்த படத்துக்குப் பாதிப்பு இல்லை. ஆனால் எச்டிவி மணிக்கு சுமார் 11 ஜிபி என்றால், இது 45 ஜிபி. அதைப் பதியும் பி2 கார்டின் விலை சின்ன ஸ்டூடியோவுக்குக் கட்டுப்படியாகாது.

2006-இல் வந்த ஏவிசிஎச்டி, எச்.264 முறையில் 24 மெகாபிட்டுக்குள்ளேயே எம்பெக்-2-ஐ விட நல்ல படம் தந்தது. ஆனால் அதை விரித்துக் காட்ட அன்றைய கம்ப்யூட்டர்கள் திணறின. எடிட்டிங்கில்தான் அவஸ்தை. நடுவழியாக வந்தது எக்ஸ்டிகேம் எச்டி422: எம்பெக்-2தான், ஆனால் 50 மெகாபிட், முழு 1920, 4:2:2. எச்டி தயாரிப்புக்கு ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் பரிந்துரைத்த அளவும் இந்த 50தான். படத்துக்குப் படம் தனியாகச் சுருக்கினால் 100.

எங்கள் தருமபுரம் (மயிலாடுதுறை ஆதீனம் இருக்கும் தருமபுரம் வேறு) யாழ்மூரிநாதர் கோயில் கதை தெரிந்திருக்கும். சம்பந்தர் பாடியது திருநீலகண்ட யாழ்ப்பாணரின் யாழுக்குள் அடங்கவில்லை. பாணர் கையிலும் குறையில்லை, யாழிலும் குறையில்லை. நரம்பு தாங்கும் அளவு அவ்வளவுதான். எச்டிவி டேப்பும் அப்படித்தான்.

இதெல்லாம் பழங்கதை ஆயிற்றே, இப்ப எதுக்கு என்று கேட்கலாம். அந்த வருடங்களின் கல்யாணமும் திருவிழாவும் இன்னும் எச்டிவி டேப்பிலேயே பீரோக்களில் கிடக்கின்றன. கடலோரக் காற்றின் ஈரம் டேப்புக்கு ஆகாது. மேலும், முழுப்படம் இருக்கும் இடத்தில் டேப் கெட்டால், அதை நம்பியிருக்கும் அரை விநாடிப் படமும் போய்விடும்.

அதனால் மூன்று விஷயம். டேப்பை டிவிடியாக மாற்றித் தரச் சொல்லாதீர்கள். டிவிடி 720க்கு 576தான், எச்டி அங்கேயே போய்விடும். ஃபயர்வயர் வழியாக, மறுபடி சுருக்காமல், உள்ளபடியே கோப்பாக இறக்கச் சொல்லுங்கள். கேமராவில் டிவியாக மாற்றி அனுப்பும் அமைப்பு அணைந்திருக்க வேண்டும். இரண்டு ஹார்ட் டிஸ்கில் பிரதி வையுங்கள். ஒரு டேப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும், 11 ஜிபி பிடிக்கும். ஓட்டிப் பார்க்கும் கருவி கிடைப்பதே அரிதாகி வருகிறது. ஓடுகிற கேமரா தெரிந்தவர் கையில் இருந்தால் இந்த வருடமே முடித்துவிடுங்கள்.